பிரிவுபசாரக் குழுவின் செயலாளர்

பஃபலோ ரோட்டில் சேதுபதியின் வீட்டைக் கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்லமாட்டார்கள். “ஆறு பலகை தொங்கும், அந்த மாடிதான்” என்பார்கள். கீழே அரிசிக்கடை. கடையை ஒட்டி ஒடுங்கிய மரப்படி. படி தொடங்கும் இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அறிவொளி வாசகசாலை, முத்தமிழ் நாடக மன்றம், கிராணிமார் நலச் சங்கம், மதுவிலக்குப் பிரசார சபை, ஈமச்சடங்கு உதவிச் சங்கம் என்று ஐந்து பலகைகள். ஆறாவது பலகை மற்றவற்றைவிட ஒரு முழம் நீளம். அது முதல் ஐந்தையும் ஒன்றுசேர்ப்பதற்காகத் தொடங்கிய சம்மேளனம். ஐந்தும் ஒரே அறையில், ஒரே மேசையைச் சுற்றி, அதே பதினான்கு பேரை வைத்துத்தான் நடந்துகொண்டிருந்தன. இருந்தாலும் அவற்றை உடனே ஒன்றுசேர்க்காவிட்டால் சமூகம் சிதறிப்போகும் என்று 1954இல் எங்களுக்குத் தோன்றிவிட்டது.

ஆறுக்கும் செயலாளர் சேதுபதி. அதில் இரண்டுக்கு அற்புதம் என்ற நான் துணைச் செயலாளர். செயலாளர் செத்தால்தான் துணைச் செயலாளருக்கு வேலை வரும். சேதுபதி திடகாத்திரமாகவே இருந்தார்.

பகலில் அவர் நகராட்சியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கே முப்பது வயது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், நாற்பத்தேழு வயது சேதுபதியை விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார். ஐந்து மணிக்கு மேல் அதே சேதுபதி மாடிப்படி ஏறி வரும்போது பதினான்கு பேர் எழுந்து நின்று “மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களே” என்போம். ஒரு மனிதனுக்கு இந்த இரண்டில் எது பிடிக்கும் என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. பிள்ளை இல்லாத வீடு வேறு. அவர் சங்கங்களைப் பெற்றுப் போட்டார்.

வளர்த்தது அவர் மனைவி தங்கம். வாரத்தில் ஆறு நாள் கூட்டம். அறையைக் குறுக்கே ஒரு திரைத்துணி பிரித்தது. இந்தப் பக்கம் சமுதாயம், அந்தப் பக்கம் அடுப்பு. வரவேற்புரையின்போது ஒரு சுற்று தேத்தண்ணி வரும். தலைமையுரை முடியும்போது இன்னொரு சுற்று. மதுவிலக்குச் சபைக் கூட்டத்தில் மட்டும் மூன்று சுற்று, ஏனென்றால் அந்த உறுப்பினர்களுக்கு ஏதோ ஒரு வகையில் தொண்டை காய்ந்திருக்கும்.

1955 கடைசியில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் வர ஆரம்பித்தது. எங்கள் ஆறு சங்கங்களுக்கும் தலைவர் ஜவுளிக்கடை தனசேகரன். பேச்சில் இடைஞ்சல் வருவது அவருக்குப் பிடிக்காது. இருமல் கேட்டால் நிறுத்துவார், கண்ணை மூடுவார், பொறுமையின் வடிவமாக நிற்பார். ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். அந்தப் பெருந்தன்மையை நாங்கள் வியந்தோம். மூன்று மாதம் வியந்தோம். ஒருவர்கூட எழுந்துபோய்த் திரையை விலக்கிப் பார்க்கவில்லை. நான் திரைக்கு மிகப் பக்கத்தில் உட்காருகிறவன். நானும் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கோப்பைகள் விழுந்து உடையும் சத்தம் கேட்டது. சேதுபதி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் சட்டைக் கையில் ரத்தம் இருந்தது. அது அவருடைய ரத்தம் இல்லை.

காசநோய் வார்டில் தங்கம் பதினோரு மாதம் கிடந்தார். ஊசி, மாத்திரை, படுக்கை. வாரத்தில் இரண்டு நாள், நாலிலிருந்து ஆறு மணிவரை பார்வையாளர் நேரம். சேதுபதி மனைவியைப் பார்க்கவே போகவில்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். போனார். தனியாகப் போனதில்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் வாசகசாலைத் தூதுக்குழு, மறுவாரம் நாடக மன்றத் தூதுக்குழு. கையில் ஆப்பிள் கூடை, கூடையில் சங்கத்தின் பெயர் எழுதிய அட்டை. ஒருமுறை தலைவர் தனசேகரன் கட்டிலின் கால்மாட்டில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, “சகோதரி தங்கம் அவர்கள் விரைவில் குணமடைய வேண்டுமென்று ஆறு சங்கங்களும் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கின்றன” என்று ஆரம்பித்தார்.

வார்டுத் தாதி அல்போன்சம்மாள், எங்களுக்கெல்லாம் மிஸ்ஸி, ஊசித்தட்டோடு வந்து நின்றார். எங்கள் மாதா கோயிலில் பாட்டுக்குழுவில் இருப்பவர். குரல் அதற்கேற்றபடி இருக்கும்.

“தீர்மானம் போட்டா கிருமி செத்துருமா? எல்லாரும் வெளிய போங்க. ஒருத்தர் மட்டும் இருக்கலாம்.”

நாங்கள் வெளியே வந்தோம். உள்ளே இருந்த அந்த ஒருத்தர் தலைவர். சேதுபதி எங்களோடு வராந்தாவில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த மனைவியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1956 டிசம்பர் முதல் வாரத்தில் டாக்டர் தங்கத்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். அன்றைக்குத் தூதுக்குழுவில் மற்றவர்களுக்கு நாடக ஒத்திகை. நானும் சேதுபதியும் மட்டும் போனோம். மிஸ்ஸி விதிகளைச் சொன்னார். ஒரு வருஷம் முழு ஓய்வு. மத்தியானம் இரண்டு மணிநேரம் கட்டாயம் தூங்க வேண்டும். புகை கூடாது, கூட்டம் கூடாது. நோய் மறுபடி வந்தால் மருந்து கேட்காது, விலா எலும்பை எடுத்துவிட்டு நுரையீரலை அமுக்க வேண்டிவரும்.

“கமலா அக்கா செம்பவாங்குக்கு வரச் சொல்றா,” என்றார் தங்கம். அக்காள் புருஷனுக்கு ஊரின் வடகோடியில் உள்ள கடற்படைத் தளத்தில் வேலை. “குவாட்டர்ஸ்தான். ஆனா காத்து வருதாம்.”

“நம்ம வீடு இருக்கறப்ப அங்க எதுக்கு?”

“அது வீடா? ஆறு ஆபீசுங்க. நா அதுல கேன்டீன்.”

சேதுபதிக்கு முகம் சுருங்கியது. “எல்லாத்தையும் விட்டுர்றேன் தங்கம்.”

“மூணு வருசம் முந்தி தீவாளிக்கும் சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் நீளமா ஒரு பலகை வந்துச்சு.”

“இந்தத் தடவ நெசம்மா.”

தங்கம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காற்றை எண்ணிச் செலவிட வேண்டியிருந்தது. “இருவத்திரண்டாம் தேதி, சனிக்கெழம விடுறாங்க. பலகை இல்லாத வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா வாங்க. தனியா வாங்க. இல்லன்னா வராதீங்க. நா கோவிச்சுக்க மாட்டேன். அக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன், அவ்வளவுதான்.”

“காலைல பத்து மணிக்கு லா,” என்றார் மிஸ்ஸி. “சாயந்தரம் இல்ல. பத்து. எழுதிக்குங்க.”

சேதுபதி குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அன்றிரவே ஆறு ராஜிநாமாக் கடிதங்கள் எழுதினார். இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. எங்கள் சங்க விதிகளின்படி எந்த ராஜிநாமாவும் செயலாளருக்கு முகவரியிட்டு வர வேண்டும். ஆகவே சேதுபதி ஆறு கடிதங்களையும் தமக்கே அனுப்பி, மறுநாள் பெற்றுக்கொண்டு, கிடைத்ததற்கு ஒப்புகை எழுதினார். பிறகு அவற்றைப் பரிசீலிக்கக் கூட்டம் கூட்ட ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். முன்னறிவிப்பில் செயலாளர் கையெழுத்து வேண்டும். சம்மேளனம் பொதுவானது என்பதால் ஆறு கூட்டங்களையும் ஒரே கூட்டமாக நடத்தலாம் என்று ஒரு சலுகை கிடைத்தது. சம்மேளனத்தால் சமுதாயத்துக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான்.

பன்னிரண்டாம் தேதி கூடினோம். தேத்தண்ணியைக் கடையிலிருந்து வரவழைத்தோம். எல்லாருக்கும் அதில் சர்க்கரை அதிகம் என்ற குறை இருந்தது. தலைவர் எழுந்தார்.

“சேதுவை நாம இழக்கறோம். மனைவிக்காக ஒரு மனுசன் இப்பிடித் தியாகம் பண்ணுறத நான் பார்த்ததில்ல. சும்மா அனுப்பலாமா? சொல்லுங்க, சும்மா அனுப்பலாமா?”

“கூடாது, கூடாது” என்றோம்.

“பிரிவுபசார விழா. பெரிய மண்டபம். அறுபத்திநாலு பக்கத்தில ஒரு மலர். இருவத்திரண்டாம் தேதி சனிக்கெழம சாயந்தரம் ஆறு மணி, மண்டபம் காலியா இருக்கு, நானே விசாரிச்சிட்டேன்.”

விழாக் குழு ஒன்று அமைத்தோம். குழு என்றால் அதற்குச் செயலாளர் வேண்டும். அவரவர் நகத்தை அவரவர் பார்த்தோம். பிறகு ஒவ்வொரு தலையாக ஒரே திசையில் திரும்பியது.

“வேற யாருக்குய்யா இதெல்லாம் தெரியும்?” என்றார் தலைவர், அன்பு பொங்க. “நம்ம சேதுதான்.”

அவர் முன்மொழிந்தார். வழிமொழிந்தது நான். சேதுபதி வாயைத் திறந்தார். பதினான்கு பேர் அவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தோம். மறுப்பு என்பது அவர் வாய் அதுவரை பழகாத சொல். தலையை ஆட்டினார். இப்படித்தான் ஒரு மனிதர் தம்மை வழியனுப்பும் குழுவுக்குத் தாமே செயலாளர் ஆனார், ஏகமனதாக.

அதற்குப் பிறகு அவர் முன்னைவிட இரண்டு மடங்கு ஓடினார். மண்டபம், ஒலிபெருக்கி, நாற்காலி, மாலை. வாழ்த்துரை கொடுப்பதாகச் சொன்னவர்கள் வாழ்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். தம்முடைய அடக்கத்தைப் புகழ்ந்து தாமே நான்கு கட்டுரை எழுதினார். தலைவரின் உரையையும் அவர்தான் எழுதினார். பலகைகளைக் கழற்றப் போனபோது, மலருக்குப் படம் எடுக்கும்வரை இருக்கட்டும் என்றார் தலைவர். படம் எடுத்த பிறகு, விழா முடியட்டும் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்கள் மூன்று வந்தன, மூன்றும் போயின. “பத்து நாள்தான், அற்புதம். அப்புறம் எல்லாம் சரியாயிரும்,” என்று என்னிடம் சொன்னார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அச்சகத்திலிருந்து ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். நாரிஸ் ரோட்டில் காதர் மைதீன் அச்சகம். மலர் நானூறு பிரதி கட்டிக் கிடந்தது. பிரித்தோம். முதல் பக்கத்தில் சேதுபதியின் படம், அதைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புக் கட்டம்.

“என்ன இது, காதர் நானா?” என்றேன்.

காதர் மைதீன் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “ஒங்க ஈமச்சடங்குச் சங்கத்திலேர்ந்து இருவது வருசமா படம் வருது. படம் வந்தா நாங்க கட்டம் போட்டுத்தானே அடிப்போம்? இவரு உசுரோட இருக்காருன்னு யாரும் எழுதி அனுப்பலியே.”

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். அபசகுனம் என்றார், ஆறு மணிக்குள் முதல் பக்கத்தை மாற்றியாக வேண்டும் என்றார், மாற்றும் பொறுப்பைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டுச் சலூனுக்குப் போனார். சேதுபதி சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பிரதியாகக் கம்பியைக் கழற்றி, முதல் தாளை உருவி, புதிய தாளை வைத்து, திரும்பக் குத்த வேண்டும். உருவிய தாள்கள் அவர் காலடியில் குவிந்தன. நூறு தாண்டியது. எங்கோ இருநூறு வாக்கில் அவர் கை நின்றுபோனது. காலடியில் இருநூறு சேதுபதிகள் கறுப்புக் கட்டத்துக்குள் மல்லாந்து கிடந்தார்கள். அவர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொன்றே முக்கால்.

டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கட்டிலின் பக்கத்தில் அல்போன்சம்மாள் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

“பத்து மணிக்கே பையோட வெளி பெஞ்சில வந்து ஒக்காந்துட்டாங்க. உள்ள வாங்கன்னா வரல. பதினொண்ணர மணிவரைக்கும் பார்த்துட்டுத்தான் எந்திருச்சாங்க. நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன். பாதி நெஞ்சை வெச்சிகிட்டு, செம்பவாங்வரைக்கும் பஸ்ல.” இப்போது நிமிர்ந்தார். சேதுபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “அற்புதம் அண்ணே, நா பத்து மணின்னு சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?”

ஞாயிறுதோறும் கோயிலில் அவருக்கு மூன்று வரிசை பின்னால் உட்காருகிறவன் நான். அதற்குப் பிறகு வேறு பக்கம் உட்கார ஆரம்பித்தேன்.

வாசலில் வந்து நின்றோம். வெயில். பஸ் போன பக்கமே சேதுபதி பார்த்துக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பேசினேன். “விழாவுக்கு நானூறு பேர் வர்றாங்க சேது. ரெண்டு மணி நேரம்தான். தலைமையுரை முடிஞ்ச ஒடனே நானே உங்கள செம்பவாங் கூட்டிட்டுப் போறேன்.”

“தலைவர் என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியும் அற்புதம். நாந்தான எழுதினேன்.”

வீட்டுக்குப் போனார். அரிசிக்கடையில் ஒரு சுத்தியலும் ஏணியும் கேட்டு வாங்கினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஆறு பலகைகளையும் அவரே கழற்றினார். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியது. நீளப் பலகையின் ஆணி மட்டும் வரமாட்டேன் என்றது. சுவர்க்காரையோடு பிடுங்கிப் போட்டார். பலகைகள் இருந்த இடத்தில் சுவர் அழுக்குப் படாமல் வெளிறி இருந்தது.

“இதெல்லாம் என்ன பண்ண?” என்றேன்.

“தலைவர் வீட்டுக்கு அனுப்பிருங்க.”

தலைவருக்கு மூன்று மாடி வீடு. பலகை வைக்க இடமில்லை என்று பின்னால் திருப்பி அனுப்பினார்.

இரண்டு மணி பஸ்ஸில் சேதுபதி போய்விட்டார். ஆறு மணிக்கு விழா நடந்தது. ஒலிபெருக்கிக்காரனுக்கு யார் சொன்னது, திறவுகோல் யாரிடம், யார் எத்தனையாவதாகப் பேசுவது, ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்தவரைத்தான் வழியனுப்பிக்கொண்டிருந்தோம். பாதி பிரதிகளில் கறுப்புக் கட்டம் அப்படியே இருந்தது. வந்தவர்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் தாழ்ந்த குரலில், எப்போது நடந்தது என்று விசாரித்தார்கள். தலைவர் காலி நாற்காலிக்கு மாலை போட்டு ஐம்பது நிமிஷம் பேசினார். நல்ல உரை. சேதுபதி எழுதியவற்றில் அதுதான் சிறந்தது.

செம்பவாங்கில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அவர் சொன்னதில்லை. கமலா பின்னால் சொன்னார். தங்கம் உள்ளறைக் கதவைத் திறக்கவில்லை. சேதுபதி முன்னறையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பினார். மறுநாளும் போனார். வேலை நாட்களில் அலுவலகம் முடிந்து பஸ்ஸில் போய் அரைமணி நேரம் உட்காருவார், திரும்புவார். பத்தாவது நாள் கதவு திறந்தது. திறந்ததோடு சரி, பேச்சு இல்லை. பேச்சுக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். ஆறு சங்கங்களும் அதற்குள் தள்ளாட ஆரம்பித்திருந்தன. ஒரு கையெழுத்து வேண்டும் என்ற சாக்கு வைத்திருந்தேன். உள்ளறையில் தங்கம் படுத்திருந்தார். கட்டில் பக்கத்தில் சேதுபதி, முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கடினமான வேலை என்பதை அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

“பேசட்டும்,” என்றார் தங்கம், கண்ணைத் திறக்காமல். “பேச்சு சத்தம் இல்லாம எனக்கும் சரியா தூக்கம் வரல. இருவது வருசப் பழக்கம்.”

நான் கையெழுத்து விஷயத்தைச் சொல்லவில்லை. தாளைச் சட்டைப்பைக்குள்ளேயே மடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த வாக்கியம் அங்கே மேடைப்பேச்சு மாதிரி இருந்தது. அதையும் சொல்லவில்லை.

தங்கம் கணவர் பக்கம் திரும்பினார். “வெள்ளிக்கெழம நெஞ்சு படம் எடுக்கறாங்க. நல்லா இருந்துச்சுன்னா வீடு பாருங்க.”

சேதுபதி தலையசைத்தார்.

“பஃபலோ ரோடு வேணாம். குவீன்ஸ்டவுன்ல கவர்மென்டு பிளாட்டு கட்டுறாங்களாமே. ரெண்டு நாக்காலிக்கு மேல போட எடமில்லாத வீடா பாருங்க.”

“சரி.”

“ஒரேயடியா எல்லாத்தையும் விட்டுட்டு எம் மொகத்தையே பார்த்துட்டு ஒக்காந்திருக்க வேணாம். எனக்கு மூச்சு முட்டும். ஒண்ணு வெச்சுக்குங்க. அந்தச் சாவுக்கு ஒதவுற சங்கம். அது ஒண்ணுதான் ஆளுக்கு ஒபயோகம். செயலாளரா இல்ல, சும்மா மெம்பரா.”

“சரி தங்கம்.”

“கூட்டம் நம்ம வீட்ல இல்ல.”

“இல்ல.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுந்த சந்தேகத்தை அடக்கமுடியாமல், சேதுபதி கேட்டார். “ரெண்டு நாக்காலின்னா, யாராச்சும் வீட்டுக்கு வந்தா?”

“நீங்க எந்திருங்க,” என்றார் தங்கம்.

வெள்ளிக்கிழமைப் படம் நன்றாக வந்தது. அந்த வருஷக் கடைசியில் குவீன்ஸ்டவுனில் மூன்றாவது மாடியில் ஒரு அறை வீடு கிடைத்தது. நான் மாதம் ஒருமுறை போவேன். ஒரு நாற்காலியில் தங்கம் இருப்பார், மற்றதில் நான். சேதுபதி ஜன்னலோரம் நின்றபடி பேசுவார். அவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு யாரும் வெகுநேரம் உட்காருவதில்லை.